மாமாவின் அச்சகம்: விற்பதா, காட்சிக்கு வைப்பதா, ஓட்டுவதா?

மாமாவின் அச்சகத்தை என்ன செய்வது என்ற பேச்சு எங்கள் குடும்பத்தில் இன்னும் முடியவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஒன்று சொல்கிறான், திருகோணமலை உவர்மலையில் இருக்கும் மாமி இன்னொன்று சொல்கிறார். இரண்டு பேரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். திருகோணமலையில் பூட்டிக் கிடக்கும் அச்சுக்கூடம் இது ஒன்றாக மட்டும் இருக்காது. ஆகவே எங்கள் முன் இருக்கும் வழிகளையும், அவற்றில் ஒன்றை நான் ஏன் தேர்கிறேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். அச்சகம் ஓட வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது மெஷின் சுற்ற வேண்டும். இந்த ஊரின் காற்றில் சும்மா நிற்கும் இரும்பு எதுவும் மிஞ்சாது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிற காரணம்.

முதலில் இருப்பதைச் சொல்கிறேன். பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறு வீதியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில், ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் கொண்ட பழைய கட்டிடம். முன்னால் ஓடர் எடுக்கும் மேசை, நடுவில் மெஷின் அறை, பின்னால் வடக்குப் பக்கம் யன்னல் வைத்த, எழுத்துக் கோர்க்கும் கம்போசிங் அறை. மெஷின் அறையில் காலால் மிதித்து அச்சடிக்கும் ட்ரெடில் மெஷின் ஒன்று, மோட்டரில் ஓடும் 10க்கு 15 அங்குல ஹைடல்பேர்க் அச்சு மெஷின் ஒன்று, கையால் இழுக்கும் கட்டிங் மெஷின் ஒன்று. பின் அறையில் ஈய எழுத்துகளைக் குழி குழியாகப் பிரித்து வைக்கும் எழுத்துத் தட்டுகள், பாரம் (அச்சடிக்கக் கோர்த்துக் கட்டிய எழுத்துத் தொகுதி) கட்டும் கல், நூல் சுற்றிக் கட்டியபடியே கிடக்கும் பழைய பாரங்கள். கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறது. தட்டு ராக்கை ஒன்றில் கறையான் ஏறியிருக்கிறது.

உப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்து யோசனை சொல்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்காற்று கொண்டுவந்து இரும்பில் படியவிடும் உப்பும் அப்படித்தான். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி அடிக்கும்போது, பூட்டிய அறைக்குள் மழைத்துளி ஒன்றுகூட விழாவிட்டாலும் மெஷின் மேல் உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அதைத் தடுப்பது எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். எண்ணெய் போடுவதை ஒருவர் மறக்காமல் இருக்க வேண்டுமென்றால், அவருக்கு அந்த மெஷினில் வேலை இருக்க வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இரும்புக்குக் கொடுப்பது

மிக எளிது. ஒரு நாளில் இடம் காலியாகும், காசும் கையில் கிடைக்கும். 10க்கு 15 ஹைடல்பேர்க் ஒரு தொன்னுக்கு மேல் நிறை கொண்டது. சிறிய ட்ரெடில்கூட அரைத் தொன் வரும். ஈயத்துக்கு எங்கள் ஊரில் எப்போதும் கேள்வி உண்டு. வலைக்குக் குண்டு வார்க்க ஈயம் வேண்டும். அப்படிப் போனால் எழுத்துகள் முழுவதும் உருகி, பின்வளைகுடாவில் வலையோடு இறங்கிவிடும்.

மெஷின் இரும்புக்குப் போனால் வருத்தம்தான், ஆனால் ஹைடல்பேர்க் உலகில் தட்டுப்பாடான பொருள் அல்ல. 1914இல் அறிமுகமாகி 1985 வரை தயாரான மெஷின் அது. இன்னும் பல நாடுகளில் ஓடுகிறது. எழுத்து அப்படி அல்ல. அச்செழுத்து வெறும் ஈயம் இல்லை. ஈயத்தோடு அந்திமனி என்ற உலோகமும் வெள்ளீயமும் சேர்த்து வார்த்தது. அந்திமனி கடினத்தைக் கொடுப்பதோடு, உலோகம் ஆறும்போது சுருங்குவதையும் குறைக்கிறது. அதனால்தான் புள்ளியும் சுழியும் கூர்மையாக விழுகின்றன. தமிழ் எழுத்தோ ஆங்கிலம்போல ஒரு தட்டில் அடங்காது. உயிர், அகரமேறிய மெய், புள்ளி வைத்த மெய், இகர ஈகாரம், உகர ஊகாரம் என்று எண்ணினாலே 120 வந்துவிடும். கால், கொம்பு, கிரந்தம், குறிகள் வேறு.

இந்தத் தட்டுகளில் இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ணா, றா, னா வரிசையும் அவற்றின் ஒகர ஓகாரங்களும், ணை, லை, ளை, னை என்ற நான்கும். அதற்கு முன்னிருந்த வளைந்த வடிவங்கள் இங்கே ஈயத்தில் கிடக்கின்றன. எங்கள் அம்மம்மாவின் கல்யாணக் கடிதாசியில் இருக்கும் "லை" இந்தத் தட்டில் இருக்கிறது. கைத்தொலைபேசியில் தட்டினால் அது வராது. இதை உருக்கிவிட்டுப் பிறகு தேடுவதில் பயன் இல்லை. ஆகவே இந்த வழி எனக்கு முதலிலேயே அடிபட்டுப் போகிறது.

கொழும்புக்கு விற்பது

இது மச்சானின் யோசனை. கொழும்பில் வடிவமைப்பு வேலை செய்யும் இளைஞர்கள் பழைய அச்சு மெஷின்களைத் தேடுகிறார்கள் என்பது உண்மை. வாங்குபவர் மெஷினை ஓட்டப் போகிறவர் என்றால் அது நல்ல முடிவுதான், நான் மறுக்க மாட்டேன். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக லொறி போகும். ட்ரெடில் மேற்பக்கம் கனமானது, லேசில் கவிழும்; பறக்கும் சில்லு என்ற கனமான சுழல் சக்கரத்தையும் தாள் வைக்கும் பலகையையும் கழற்றி, மரச் சட்டத்தில் பூட்டி, இரும்புக் குழாய்கள் மேல் உருட்டித்தான் வாசல் கடத்த வேண்டும். சில்லிலோ தண்டிலோ கயிறு போட்டுத் தூக்கினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். இதெல்லாம் செய்யக் கூடியதே.

என் தயக்கம் வேறு. வாங்க வருபவர்களில் பலர் மெஷினைக் கேட்கிறார்கள், மரத் தட்டுகளைக் கேட்கிறார்கள், தமிழ் எழுத்தைக் கேட்பதில்லை. தட்டைக் கவிழ்த்து எழுத்தைக் கொட்டிவிட்டு வெறும் தட்டைச் சுவரில் மாட்டுவார்கள். அப்படியானால் இந்த வழியும் பாதி இரும்புக்கடை வழிதான்.

மாமாவிடம் நெடுங்காலம் எழுத்துக் கோர்த்த ஐயா ஒருவர் இன்னும் மனையாவெளிப் பக்கம் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, எழுத்தை வித்துப்போட்டு மெஷினை வச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார். மெஷினை விற்றுவிட்டு எழுத்தை வைத்திருப்பதற்கும் அதே கேள்விதான். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அவரையும் சேர்த்தால் மூன்று. எந்தத் தட்டில் எந்தக் குழியில் எந்த எழுத்து என்பது அச்சகத்துக்கு அச்சகம் மாறும், அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, அவருடைய விரல்களில் இருக்கிறது. அவர் நடமாடும்போதே நாங்கள் முடிவெடுக்க வேண்டும். எனக்கு இருக்கும் அவசரம் அது ஒன்றுதான்.

தேநீர்க் கடையும் காட்சி மெஷினும்

மாமியின் விருப்பம் இது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வரும் பயணிகள் கோட்டையையும் கோணேசர் கோயிலையும் பார்க்க நகரத்துக்குள்ளும் வருகிறார்கள். பழைய கட்டிடத்தைத் திருத்தித் தேநீர்க் கடையாக வாடகைக்குக் கொடுத்தால் கூரைச் செலவு திரும்பி வரும். மெஷின் நடுவில் அழகாக நிற்கும். மாமாவின் பெயரும் இருக்கும். மாமிக்கு அந்தப் பெயர்தான் முக்கியம், அது நியாயமும்கூட.

ஆனால் காட்சிக்கு வைக்கும் மெஷினுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். முதலில் அதற்கு முழுக்கப் பெயின்ற் அடிப்பார்கள். ரோலர் ஓடும் தண்டவாளம், தட்டையான இரும்புப் படுக்கை, எண்ணெய் விடும் துளைகள் எல்லாவற்றின் மேலும் பெயின்ற் போய்விடும். எண்ணெய்த் துளை அடைபட்ட மெஷின் பிறகு சுற்றாது. சுற்ற வைத்தால் தண்டைத் தாங்கும் புஷ் என்ற உலோக வளையம் தேயும். பெயின்றுக்கு அடியில் உப்பு இருந்தால் ஓரிரண்டு மாரிக்குள் கொப்புளம் கிளம்பும்.

அதைவிடப் பெரிய காரணம் ஈயம். ஈரத்தில் நெடுநாள் கிடந்த எழுத்துகளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அது ஈய உப்பு, மூச்சோடும் வாயோடும் உள்ளே போனால் நஞ்சு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். எழுத்தை மேசையில் அழகுக்குப் பரப்பி வைத்து, பக்கத்தில் வடையும் தேநீரும் வைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். வேலை செய்யும் அச்சகத்தில்கூட எழுத்துத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

முன் அறையை மட்டும் கடைக்குக் கொடுத்து, இடையில் கதவும் சுவரும் வைத்துப் பின்னால் அச்சகத்தை ஓட்டலாம். அந்த அளவுக்கு மாமியோடு எனக்கு உடன்பாடு. கடைக்கு வருபவர்கள் கண்ணாடி யன்னல் வழியாக மெஷின் ஓடுவதைப் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்துவது

குடும்பத்தில் எல்லோரும் காசு போட்டால் ஒரே வீச்சில் கட்டிடம், ட்ரெடில், ஹைடல்பேர்க், மின்சாரம் எல்லாம் முடிக்கலாம் என்று ஒரு யோசனையும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படித் தொடங்கும் வேலையில் காசின் பெரும்பகுதி ஹைடல்பேர்க்குக்கே போகும். பழைய ரோலருக்கு ரப்பர் ஏற்ற வேண்டும், மோட்டருக்குக் கம்பி புதிதாகச் சுற்ற வேண்டும், பழைய மோட்டர் மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடுவது என்றால் புதிய மின் இணைப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டரையே மாற்ற வேண்டும். இதற்கிடையில் ஐப்பசி வந்துவிட்டால் ஒழுகும் கூரைக்குக் கீழே கழற்றிப் போட்ட மெஷின் கிடக்கும். பூட்டியிருந்த மெஷினைவிட அது மோசமான நிலை.

படிப்படியாக, ஒழுங்கு தவறாமல்

நான் சொல்வது இதைத்தான். கூரை, எழுத்து, ட்ரெடில், கடைசியில் ஹைடல்பேர்க். இந்த வரிசை மாறக் கூடாது.

தைப்பொங்கல் கழிந்து மழை விட்டதும் கூரையில் தொடங்க வேண்டும். ஓடு பிரித்து, உளுத்த வளையையும் சிலாகையையும் மாற்றி, நல்ல ஓட்டை மீண்டும் வேய வேண்டும். சுவரைப் பற்றி மேசன்மாரோடு கொஞ்சம் வாதாட வேண்டிவரும். உப்புப் பூத்த சுவரைக் கண்டால் பழைய சாந்தைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசத்தான் அவர்கள் கை போகும். சீமெந்துப் பூச்சு சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. அடியில் அடைபட்ட ஈரம் மேலே ஏறி, பூச்சுக்கு மேலே புதிதாக உப்புப் பூக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் சரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்தால் சுவர் தானாகவே காயும். கறையானுக்கு மருந்து அடிப்பதும் மின் வயரை முழுதாக மாற்றுவதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். மெஷின் நிற்கும் தரை வெடித்திருந்தால் கொங்கிறீட் போடுவதும் இப்போதுதான்.

எழுத்து இரண்டாவது கட்டம் என்றாலும், கூரை வேலை தொடங்குமுன்பே எழுத்துத் தட்டுகளை மூடிப் பாதுகாக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒவ்வொரு தட்டையும் படம் எடுக்க வேண்டும், ஐயாவைப் பக்கத்தில் இருத்தி எந்தக் குழி எந்த எழுத்து என்று எழுதிக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பொடி பூத்த தட்டை உலர்ந்த தும்புத்தடியால் தட்டவோ ஊதவோ கூடாது. கையுறையும் நல்ல வடிகட்டி வைத்த முகமூடியும் போட்டு, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த துணி வீட்டுக் குப்பையோடு போகக் கூடாது. கெட்டுப்போன எழுத்துகளை வேறு பெட்டியில் மூடி வைக்கலாம்.

கட்டிக் கிடக்கும் பாரங்களைப் பிரிப்பதற்கு அவசரப்படக் கூடாது. இந்த வேலையில் எனக்கு மிகவும் ஆசையான பகுதி இதுதான். அடிக்கடி வரும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் எழுத்துக் கோர்க்காமல், கட்டிய பாரத்தை அப்படியே வைத்திருப்பார்கள். கோயில் பற்றுச்சீட்டு, கடைப் பில், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சிநிரல், இறந்தவர் நினைவாக 31ஆம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற சிறு நூலின் முகப்பு. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயால் துடைத்து, கையால் மை தடவி, ஒரு புரூவ் (சோதனைப் பிரதி) எடுத்த பிறகே பிரிக்க வேண்டும். அந்தத் தாள்களைச் சேர்த்தால் இந்த ஊர் எதை அச்சடித்தது, என்ன விலைக்கு விற்றது, யாருக்காக அழுதது என்பதெல்லாம் ஒரு கட்டில் அடங்கிவிடும். வேறு எந்த வழியைத் தேர்ந்தாலும் இதையாவது செய்துவிட்டுத் தேருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அடுத்தது ட்ரெடில். ஹைடல்பேர்க்கை விட்டு இதை முன்னால் வைப்பதற்குக் காரணம், இதற்கு மின்சாரம் வேண்டாம், மறைந்திருக்கும் பாகம் எதுவும் இல்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும். திருகோணமலையில் படகு என்ஜின் திருத்துபவர்களுக்கும் கடைசல் பட்டறைக்காரர்களுக்கும் உப்புத் துருவை எப்படிக் கையாள்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காய்ந்த மையை மண்ணெண்ணெயால் ஊற வைத்துச் சுரண்டுவது, பித்தளைக் கம்பித் தூரிகையும் இரும்புப் பஞ்சும் கொண்டு துரு எடுப்பது, ஒவ்வொரு எண்ணெய்த் துளையையும் கம்பி விட்டுத் திறப்பது, துரு இளக்கும் எண்ணெயை நாள்தோறும் விட்டுச் சில்லைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பது. இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்கக் கூடாது. மணலடித்துத் துரு எடுக்கவும் கூடாது, மணல் புஷ்ஷுக்குள் போனால் தண்டு தேயும். வார்ப்பிரும்பில் வெடிப்பு இருந்தால் சாதாரண வெல்டிங் பிடிக்காது, பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். நன்றாகச் சூடேற்றிப் பித்தளை வைத்து ஒட்டும் கை வேண்டும்.

பழைய ரோலர்கள் பசையும் கிளிசரினும் கலந்து வார்த்தவை என்றால் எங்கள் வெயிலுக்கு உருகி மைத்தட்டோடு ஒட்டியிருக்கும். அவற்றைக் காப்பாற்ற முடியாது. இரும்புத் தண்டை மட்டும் எடுத்து ரப்பர் ஏற்றக் கொடுக்க வேண்டும். மை பிரச்சினை இல்லை. இப்போதைய ஓப்செற் அச்சு மெஷின்களுக்கு விற்கும் எண்ணெய் மை இதற்கும் போதும். எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், தேய்ந்த எழுத்துக்கு அடியில் மெல்லிய தாள் ஒட்டிச் சமப்படுத்துவது ஐயா போன்றவர்களுக்குப் பழகிய வேலை. ஒரு எச்சரிக்கை: ட்ரெடிலின் தட்டு மூடும்போது விரலைப் பார்த்து நிற்காது. சின்னப் பிள்ளைகளை அதன் பக்கத்தில் விடக் கூடாது.

இந்தக் கட்டத்தில் அச்சகம் திறந்துவிட்டது என்றே கொள்ளலாம். ஈய எழுத்தைக் கொண்டு முழுப் புத்தகம் கோர்க்கப் போவதில்லை. க, ம், த் போன்றவை ஒரு பக்கத்துக்குள் தீர்ந்துவிடும், குறைந்த எழுத்தை நாளைக்கே வாங்கவும் முடியாது. ஆகவே தலைப்பும் பெயரும் ஈயத்தில், நீண்ட பகுதி பொலிமர் பிளேட்டில், அதாவது எழுத்து மேலெழும்பி நிற்கும் பிளாஸ்டிக் தகட்டில். கணினியில் அமைத்த தமிழைப் பொலிமர் பிளேட்டாக எடுத்து, எழுத்தின் உயரத்துக்கு வரும் தளத்தில் ஒட்டினால் அதே ட்ரெடிலில் அடிக்கலாம். கல்யாண அழைப்பிதழ், கல்வெட்டு முகப்பு, கோயில் திருவிழா விஞ்ஞாபனத்தின் நல்ல தாள் பிரதிகள், கவிதைத் தொகுப்புக்கு அட்டை. சாதாரண நோட்டீசு அடிக்க வருபவரை டிஜிட்டல் கடைக்கே அனுப்ப வேண்டும். விலையில் அவர்களோடு போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை.

ஹைடல்பேர்க் கடைசி என்று சொன்னேன். அது ஓடத் தொடங்கினால் அச்சகத்தின் செலவைத் தாங்கப்போவது அதுதான். இரண்டு கைகள் காற்றாலைபோலச் சுழன்று தாளை எடுத்து வைக்க, மணிக்கு 5000 தாள் வரை ஓடும். ஆனால் இன்று அதற்கு வேலை அச்சடிப்பதில் மட்டும் இல்லை. பில் புத்தகத்துக்கு இலக்கம் அடிப்பது, கிழிக்கும் துளை போடுவது, அட்டைக்கு மடிப்புக் கோடு இடுவது, உறை வெட்டுவது. ஓப்செற் வைத்திருக்கும் அச்சகங்களுக்கும் இந்த வேலைகள் தேவை. ஆகவே நகரத்தின் மற்ற அச்சகங்களோடு முதலில் பேசிப் பார்த்து, மாதா மாதம் இலக்கம் அடிக்கும் வேலை வரும் என்று தெரிந்த பிறகே மோட்டருக்கும் ரோலருக்கும் காசு போட வேண்டும். அதுவரை உப்பைத் துடைத்து, எண்ணெய் பூசி, எண்ணெய்ப் பம்பை இழுத்து, கையால் சில்லைச் சுற்றி வந்தால் அது காத்திருக்கும். அளவுக்கு மீறிய அழுத்தம் வந்தால் தான் உடைந்து மெஷினைக் காக்கும் வளையம் ஒன்று அதில் உண்டு. அது முழுதாக இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டரில் ஓடவிடக் கூடாது.

இந்த வழியில் குறை இல்லாமல் இல்லை. காலம் எடுக்கும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முன்னேற்றம் கண்ணில் படாது. முதல் வருடம் கூரையையும் தட்டையும் தவிரக் காட்ட எதுவும் இருக்காது. இங்கே ஒருவர் தொடர்ந்து நின்று பார்க்க வேண்டும். அது நானாகத்தான் இருக்கும். நடுவில் காசு நின்றாலும், முடிந்த கட்டம் முடிந்ததாகவே இருக்கும் என்பது மற்ற எந்த வழியிலும் இல்லாத வசதி. கூரையோடு நின்றால் கட்டிடம் மிஞ்சும். எழுத்தோடு நின்றால் எழுத்து மிஞ்சும்.

என் முடிவை மாற்றக் கூடிய விஷயம் ஒன்று உண்டு. காணி உறுதிப் பத்திரத்தில் பெயருள்ள எல்லோரும் கையெழுத்து வைக்காவிட்டால் இந்தக் கட்டிடத்தில் காசு போடுவது சரியில்லை. அப்படியானால் கொழும்புக்கு விற்கும் இரண்டாவது வழிக்குப் போவேன், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு: மெஷின், தட்டு, தமிழ் எழுத்து மூன்றையும் பிரிக்காமல் ஒருவரே எடுக்க வேண்டும், வாங்குபவர் அதை ஓட்டப் போகிறவராக இருக்க வேண்டும், லொறி ஏற்றுமுன் ஐயாவோடு உட்கார்ந்து தட்டுகளின் வரைபடத்தை முடிக்கவும் பாரங்களுக்குப் புரூவ் எடுக்கவும் எங்களுக்கு நேரம் தர வேண்டும். புரூவ் தாள்களின் ஒரு கட்டு மாமியிடம் இருக்கும், இன்னொரு கட்டை ஊர் நூலகத்துக்குக் கொடுப்போம்.